ஒரு பவுனில் எத்தனை அணு?

டீச்சரிடம் கேளுங்கள்

இந்த இதழில்: அணுவும் தனிமமும். பதில் சொல்பவர், கோவில்பட்டிப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. மோல், அவகாட்ரோ எண் என்று ராகம் போட்டுப் படிக்கிறாள். "அப்படின்னா என்னடி?" என்று கேட்டால், "அது ஒரு நம்பர்மா, பரீட்சைக்கு வரும்" என்கிறாள். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட எனக்கும் புரிகிற மாதிரி சொல்வீர்களா டீச்சர்?
- இல்லத்தரசி, சாத்தூர்

தாராளமாக. உங்கள் கழுத்தில் கிடக்கிற செயினையே எடுத்துக்கொள்வோம். ஒரு பவுன் 8 கிராம். 916 முத்திரை என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். ஆக, ஒரு பவுனில் 7.33 கிராம் தங்கம், மீதி 0.67 கிராம் வேற்று உலோகம். செம்பும் வெள்ளியும் சேர்ப்பார்கள். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று முழுக்கச் செம்பு என்றே வைத்துக்கொள்கிறேன்.

இதில் எத்தனை அணு இருக்கிறது? எண்ணிப் பார்க்க வழியில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் தங்க அணுக்களை ஒட்டி ஒட்டி நிறுத்தினால் ஏறக்குறைய 35 லட்சம் நிற்கும். அதனால் எண்ணுவதை விட்டுவிட்டு, வேதியியல்காரர்கள் தராசைப் பிடித்தார்கள். ஒரு தங்க அணு ஒரு செம்பு அணுவைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் அதிகமான எடை. தங்கத்துக்கு 197, செம்புக்கு 63.5 என்பது அந்த விகிதம்தான். அப்படியானால் 197 கிராம் தங்கத்தையும் 63.5 கிராம் செம்பையும் நிறுத்து வைத்தால், இரண்டு குவியலிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகத்தானே இருக்கும்? 12 கிராம் கரியிலும் அதே எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கைக்கு மோல் என்று பெயர். அது 6.022 × 10²³. உங்கள் மகள் ராகம் போட்டுப் படிப்பது இந்த எண்ணைத்தான்.

சரி, செயினுக்கு வருவோம். 7.33-ஐ 197-ஆல் வகுத்தால் 0.0372 மோல். அதை 6.022 × 10²³-ஆல் பெருக்கினால் 2.24 × 10²². நம் பாஷையில் சொன்னால் 22 கோடி கோடி கோடித் தங்க அணுக்கள், அதற்கு மேல் கொஞ்சம் சில்லறை. செம்புக்கும் இதே போல: 0.67-ஐ 63.5-ஆல் வகுத்துப் பெருக்கினால் 6 கோடி கோடி கோடிக்குச் சற்று மேல்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடையில் செம்பு நூற்றுக்கு எட்டரைகூட இல்லை. ஆனால் அந்த நகையில் நூறு அணுவைப் பொறுக்கி எடுத்தால் 22 செம்பு! கடைக்காரர் ஏமாற்றவில்லை; அவர் விற்பது எடைக்கு. செம்பு அணு இலேசானது, அதனால் கொஞ்சம் எடைக்கே நிறைய எண்ணிக்கை வந்துவிடுகிறது. எடை வேறு, எண்ணிக்கை வேறு. மோல் கணக்கு மொத்தமும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது. அணு நிறையால் வகுத்தால் எடை எண்ணிக்கைப் பக்கம் போகும். பெருக்கினால் எண்ணிக்கை எடைப் பக்கம் திரும்பும். உங்கள் மகளிடம் செயினைக் கழற்றிக் கொடுத்து அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அப்புறம் மறக்க மாட்டாள்.

தேய்மானத்துக்கும் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். போட்டுப் போட்டு ஒரு மோதிரத்தில் 1 மில்லிகிராம் தங்கம் தேய்ந்துபோனால், போன அணுக்கள் முப்பதாயிரம் கோடி கோடி. வீட்டுத் தராசு அதைக் காட்டாது, கவலைப்படாதீர்கள்.

கேள்வி: 'ஒரு தனிமத்தின் பண்புகளைக் கொண்ட மிகச் சிறிய துகள் அணு' என்று சார் எழுதிப்போட்டார். அப்படியென்றால் ஒரே ஒரு தங்க அணுவைப் பிரித்து எடுத்தால் அதுவும் மஞ்சளாக மின்னுமா?
- எட்டாம் வகுப்பு மாணவன், விளாத்திகுளம்

மின்னாது தம்பி. இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டாயா? கேட்டிருந்தால் உன் சாருக்கு அன்றைக்கு நல்ல பொழுது.

சார் எழுதிப்போட்டது தப்பில்லை. ஆனால் 'பண்புகள்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் எல்லாப் பண்பும் என்று நினைத்துவிடுகிறோம். மஞ்சள் நிறம், பளபளப்பு, கம்பியாக நீள்வது, தகடாக விரிவது, 1,064 டிகிரியில் உருகுவது, மின்சாரம் கடத்துவது இவையெல்லாம் கூட்டத்தின் பண்புகள். ஒரு அணு எப்படி உருகும்? உருகுவது என்றால் பக்கத்துப் பக்கத்தில் ஒழுங்காக நின்றவை இடம்விட்டு நகர ஆரம்பிப்பது. ஒற்றை ஆளுக்குப் பக்கமும் இல்லை, ஒழுங்கும் இல்லை.

நிறமும் அப்படித்தான். அணுவில் எலக்ட்ரான்கள் கூடு கூடாக, அடுக்கடுக்காக இருக்கும். கட்டித் தங்கத்தில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமில்லாமல் கட்டி முழுக்க உலாவுகின்றன. வெளிச்சம் விழும்போது அந்தக் கூட்டம் நீலப் பகுதியை விழுங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிறது. நம் கண்ணுக்கு மஞ்சள். (வெள்ளி ஏன் நீலத்தை விழுங்குவதில்லை என்று அடுத்த கேள்வி கேட்பாய். தங்க அணுவின் மையமான உட்கருவில் 79 புரோட்டான்கள் (நேர்மின் துகள்கள்). அந்த இழுப்பில் உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் அங்கே கையை வைக்கிறது. ஆற்றல் மட்டங்கள் கொஞ்சம் நகர்ந்துவிடுகின்றன. கல்லூரியில் விரிவாகப் படிக்கலாம்.)

கூட்டத்தின் அளவை மாற்றினாலே நிறம் மாறும். 1857இல் மைக்கேல் பாரடே தங்கத்தை மிக மிக நுண்ணிய துகள்களாகத் தண்ணீரில் மிதக்கவிட்டார்; திரவம் மாணிக்கச் சிவப்பாக இருந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். கொரோனா சமயத்தில் வீட்டிலேயே மூக்கில் குச்சிவிட்டுப் பார்த்த கிட் நினைவிருக்கிறதா? இளஞ்சிவப்பாக ஒரு கோடு விழுமே, அந்த வகைக் கிட்டுகள் பலவற்றில் அந்தக் கோடு தங்கத் துகள்கள்தான். ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தாயிரம் துகளை நிறுத்தலாம், அவ்வளவு சிறியவை. தங்கம்தான், ஆனால் மஞ்சள் இல்லை.

அப்படியானால் ஒற்றைத் தங்க அணுவிடம் 'நான் தங்கம்' என்று சொல்ல என்ன இருக்கிறது? அந்த 79 புரோட்டான். ஒன்று குறைந்தால் பிளாட்டினம், ஒன்று கூடினால் பாதரசம். அணு எண் என்று தனிம அட்டவணையில் எழுதியிருப்பது இதைத்தான்.

கேள்வி: ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலமாக எரிகிற கேஸ் சட்டென்று மஞ்சளாகிறது. எங்கள் ஊர்ப் பட்டாசு நிறங்களுக்கும் இதுதான் காரணமா?
- பட்டாசு ஆலைக் கணக்கர், சிவகாசி

கணக்கரே, பாதிக்குப் பாதி இதேதான். ரசத்தில் உப்பு இருக்கிறது, உப்பில் சோடியம். தீயின் சூட்டில் சோடியம் அணுவின் கடைசி எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறுகிறது; உடனே கீழே விழுகிறது. விழும்போது ஏறிய அளவு ஆற்றலை ஒளியாக விட்டுவிடுகிறது. அந்தப் படியின் உயரம் சோடியத்துக்கென்று நிரந்தரமானது. அதனால் எந்த அடுப்பானாலும் அதே மஞ்சள்: ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளத்தில் இரட்டைக் கோடு. எல்.இ.டி. வருவதற்கு முன் தெருவெல்லாம் மஞ்சளாக எரிந்த சோடியம் ஆவி விளக்கும் இதே சங்கதிதான்.

மேலே விளாத்திகுளம் தம்பிக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர், கவனித்தீர்களா? தங்கக் கட்டியின் மஞ்சள் கூட்டம் தருவது. அடுப்பில் தெரியும் மஞ்சள் ஒவ்வொரு சோடியம் அணுவும் தனியாகத் தருவது.

பட்டாசில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்கு செம்பு. இது உங்களுக்கே தெரியும். ஆனால் ஒரு நுணுக்கம்: ஸ்ட்ரான்சியமும் பேரியமும் தனி அணுவாக இந்த நிறங்களைத் தருவதில்லை. தீக்குள் ஒரு கணம் குளோரினோடு ஒட்டிக்கொண்டு உண்டாகும் மூலக்கூறுகள்தான் அந்த அழுத்தமான சிவப்பையும் பச்சையையும் முக்கியமாகத் தருகின்றன. செம்பும் அப்படியே. செம்பு குளோரைடு அதிகச் சூட்டில் பிய்ந்துபோய்விடும் என்பதால்தான் நல்ல நீலம் கொண்டுவர உங்கள் ஆட்கள் அவ்வளவு பாடுபடுகிறார்கள். வெள்ளை வேறு கதை. அலுமினியமும் மெக்னீசியமும் எரிந்து தகிக்கிற வெளிச்சம் அது. பேரியம் உப்புகளுக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதிலிருந்து பச்சை என்ன பாடுபடுகிறது என்பதை நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.

கேள்வி: ஹீலியத்தை நம் நாட்டில்தான் கண்டுபிடித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பலாமா?
- தபால் துறையில் ஓய்வு பெற்றவர், பாளையங்கோட்டை

வாட்ஸ்அப்பில் வருகிறதே என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம், இதில் விஷயம் இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சென், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நிறமாலைமானியோடு காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன். நுங்கம்பாக்கத்தில் இருந்ததே, பிற்பாடு கொடைக்கானலுக்குப் போனதே, அந்த வானாய்வகம். சூரியனின் விளிம்பில் எழும்பி நிற்கும் வாயுப் பிழம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது பளிச்சென்ற கோடுகள் தெரிந்தன. அதில் ஒன்று மஞ்சள்.

சோடியத்தின் மஞ்சள் எங்கே விழும் என்று இப்போதுதான் பார்த்தோம். இந்தக் கோடு விழுவது 587.6 நானோமீட்டரில். ஒன்றரை நானோமீட்டர்கூட வித்தியாசமில்லை. சோடியம் என்று நினைத்துக் கடந்துபோவது மிகச் சுலபம். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் கிரகணம் இல்லாத நாளிலேயே அந்தக் கோட்டைப் பிடித்தார். இது சோடியம் இல்லை, பூமியில் தெரிந்த எந்தத் தனிமமும் இல்லை என்று வாதாடி, சூரியனுக்கான கிரேக்கப் பெயரையே அதற்கு வைத்தவர் அவர். பல வேதியியல்காரர்கள் நம்பவில்லை. 1895இல் லண்டனில் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து வந்த வாயுவில் அதே கோட்டைக் கண்ட பிறகுதான் வாய் அடைத்தது. போக்சன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1891இல் சென்னையிலேயே காலமாகிவிட்டார்.

ஆகவே 'இந்தியாவில் கண்டுபிடித்தார்கள்' என்று ஒரே வரியில் முடிப்பது கொஞ்சம் கூடுதல். தடயம் இங்கே சிக்கியது, வழக்கு அங்கே முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: குளோரின் அணு நிறை 35.5. அரை புரோட்டான் உண்டா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, எட்டயபுரம்

இல்லை கண்ணு. 35.5 நிறையுள்ள குளோரின் அணு ஒன்றுகூட உலகத்தில் கிடையாது. நூறு குளோரின் அணுவில் 76 அணுவுக்கு நிறை 35, 24 அணுவுக்கு 37. எல்லாவற்றிலும் புரோட்டான் 17தான், நியூட்ரான்தான் 18 அல்லது 20. 76 × 35, 24 × 37 இரண்டையும் கூட்டி நூறால் வகுத்துப் பார், 35.48 வரும். பாடப் புத்தகம் அதை 35.5 என்று எழுதிவிடுகிறது. இதுவும் கூட்டத்துக்கான எண்தான்.

கேள்வி: சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கும், குளோரின் விஷ வாயு என்று பேரன் படிக்கிறான். இரண்டும் சேர்ந்ததைத்தான் காலமெல்லாம் மூட்டை மூட்டையாக விற்றேன். அது எப்படி டீச்சர் சோற்றில் போட்டால் ஒன்றும் செய்வதில்லை? அயோடின் வேறு சேர்க்கிறார்களே, புண்ணுக்குப் போடுகிற அதே அயோடினா?
- உப்பு வியாபாரி, தூத்துக்குடி

அண்ணாச்சி, நீங்கள் விற்ற மூட்டையில் சோடியம் உலோகமும் இல்லை, குளோரின் வாயுவும் இல்லை.

சோடியம் உலோகத்தைப் பேரனின் பள்ளி ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்ப் புட்டிக்குள் வைத்திருப்பார்கள். இடுக்கியால் எடுத்து வடிதாளில் ஒற்றி, கத்தியால் வெட்டலாம், அவ்வளவு மிருது. வெட்டிய முகம் பளபளவென்று இருக்கும். பின்வரிசைப் பையன்கள் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பதற்குள் மங்கிவிடும். கடுகளவு துண்டை அகலமான கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் போடுவேன். தண்ணீரில் முன்னாடியே இரண்டு சொட்டு பினாப்தலீன் (காரம் பட்டால் ரோஸாகும் திரவம்) விட்டிருப்பேன். துண்டு உருகி உருண்டையாகி, சீறிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடும். ஓடிய பாதையெல்லாம் ரோஸ் நிறக் கோடு. பையன்கள் "இன்னொரு தடவை டீச்சர்" என்பார்கள். பெரிய துண்டாகப் போடச் சொல்வார்கள். அதற்கு மட்டும் நான் அசைந்து கொடுத்ததில்லை.

இந்த ஆட்டம் எல்லாம் ஒரே ஒரு எலக்ட்ரானுக்காக. சோடியம் அணுவில் 11 புரோட்டான், 11 எலக்ட்ரான். அந்த பதினோராவது எலக்ட்ரான் வெளிக்கூட்டில் தனியாக இருக்கிறது, பிடிப்பு குறைவு. அதைத் தள்ளிவிட்டால் மிச்சம் பத்தும், எதனோடும் சேராமல் அமைதியாக இருக்கும் நியான் வாயுவில் உள்ளதைப் போன்ற அமைப்பு. தண்ணீரில் விழுந்ததும் அதைத் தள்ளிவிடுகிற வேகம்தான் சீறல். குளோரினுக்கு நேர்மாறு: 17 எலக்ட்ரான், இன்னும் ஒன்று கிடைத்தால் நியானைப் போலவே அமைதியான ஆர்கானின் அமைப்பு. அந்த ஒன்றை நுரையீரலின் ஈரச் சதையிலிருந்தும் பிடுங்கும். அதனால்தான் முதல் உலகப் போரில் 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் அதை ஆயுதமாகவே விட்டார்கள்.

உப்பில் இந்தக் கொடுக்கல் வாங்கல் முடிந்துபோன கணக்கு. சோடியம் கொடுத்துவிட்டது, குளோரின் வாங்கிவிட்டது. இரண்டும் இப்போது அயனிகள், அதாவது எலக்ட்ரான் குறைந்தோ கூடியோ மின்னூட்டம் பெற்றவை. அவற்றை மறுபடி உலோகமாகவும் வாயுவாகவும் ஆக்க வேண்டுமானால் உப்பை 800 டிகிரிக்கு உருக்கி மின்சாரத்தைச் செலுத்த வேண்டும். உங்கள் சோற்றுப் பானை அவ்வளவு சூடாவதில்லை.

ஆனால் ஒன்று: எலக்ட்ரானை இழந்தாலும் சோடியம் சோடியம்தான், 11 புரோட்டானும் அங்கேயே இருக்கின்றனவே. வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் "சோடியம் குறைஞ்சிருக்கு" என்கிறார்கள் அல்லவா? அது இந்த அயனியைத்தான். ரத்தப் பரிசோதனைத் தாளில் 135 முதல் 145 வரை சரி என்று போட்டு, பக்கத்தில் லிட்டருக்கு மில்லிமோல் என்று இருக்கும். சாத்தூர் அம்மாவின் மகள் ராகம் போட்டுப் படிக்கிற அதே மோல், ஆயிரத்தில் ஒரு பங்கு.

அயோடின் விஷயமும் இதே மாதிரிதான். புண்ணுக்குப் போடும் டிங்சரில் இருப்பது அயோடின் மூலக்கூறு. பழுப்பு நிறம், எரிச்சல். உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட் என்கிற வெள்ளைச் சேர்மம். பாக்கெட் கடையில் விற்கும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்: வடித்த கஞ்சியில் ஒரு சொட்டு டிங்சர் விட்டால் கருநீலமாகும். அதே கஞ்சியில் அயோடின் உப்பை எவ்வளவு கொட்டினாலும் அப்படியே இருக்கும். (சோதனைக்குப் பிறகு அந்தக் கஞ்சியைக் கொட்டிவிடுங்கள்.)

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, அணுவை யாராவது பார்த்திருக்கிறார்களா?
- தையற்கடைக்காரர், கயத்தாறு

கண்ணால் இல்லை; தடவிப் பார்த்திருக்கிறார்கள். 1981இல் ஜூரிச் நகரத்து ஐ.பி.எம். ஆய்வகத்தில் பின்னிக், ரோரர் என்ற இருவர் ஒரு கருவி செய்தார்கள். நுனியில் ஓர் அணு அளவுக்குக் கூராக்கிய ஊசி, உலோகப் பரப்பைத் தொடாமல் அதன் மேலே மேலே ஊர்ந்து போகும். இடையில் கசியும் மின்னோட்டத்தை வைத்து மேடு பள்ளத்தைக் கணினி வரையும். ஒவ்வொரு மேடும் ஓர் அணு. 1986இல் நோபல் பரிசு. 1989இல் அதே கம்பெனிக்காரர்கள் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தித் தங்கள் கம்பெனிப் பெயரையே எழுதினார்கள். நீங்கள் ஊசி பிடிக்கிறவர். அந்தக் கை நிதானம் உங்களுக்குப் புரியும்.

கேள்வி: 118 தனிமத்தையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்கிறார்கள். பாட்டாகக்கூட இருக்கிறது. தேவைதானா?
- பத்தாம் வகுப்பு மாணவன், திருவேங்கடம்

என்னைக் கேட்டால் முதல் இருபது போதும். மிச்சத்துக்கு அட்டவணை சுவரில் தொங்குகிறது. ஒப்பித்தால் வரிசை வரும். ஏன் அந்த வரிசை என்பது வராது.

அட்டவணையை மேலிருந்து கீழே படித்துப் பழகு. ரஷ்ய வேதியியல்காரர் மெண்டலீவ் 1869இல் அப்படித்தான் அடுக்கினார். அன்றைக்குத் தெரிந்தவை 63தான். அணு நிறை வரிசையில் வைத்துக்கொண்டே வந்தவர், குணம் பொருந்தாத இடத்தில் தனிமத்தைத் திணிக்காமல் கட்டத்தைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே ஒரு காலி. அங்கே வர வேண்டியது இன்ன நிறை, இன்ன அடர்த்தி என்றும் எழுதிவைத்தார். 1875இல் பாரிசில் லெகோக் த புவாபோத்ரான் கேலியத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்று அறிவித்தார். 'சரியாக இருக்காது, 5.9 வர வேண்டும், சுத்தப்படுத்தி மறுபடி பாருங்கள்' என்று ரஷ்யாவிலிருந்து கடிதம் போனது. அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத ஆள் எழுதிய கடிதம்! சுத்தப்படுத்திப் பார்த்தார்கள். 5.9.

கேலியம் 29.8 டிகிரியில் உருகிவிடும். உங்கள் ஊரில் சித்திரை வைகாசியில் மேசை இழுப்பறைக்குள் வைத்தால் திறக்கும்போது திரவமாகத்தான் இருக்கும்.

நிறை வரிசை சில இடத்தில் மெண்டலீவுக்கே இடறியது. டெலூரியம் அயோடினைவிடக் கனம், ஆனாலும் குணத்தைப் பார்த்து அதை முன்னால் வைத்தார். ஏன் அப்படி என்பதற்கு விடை 1913இல் வந்தது. மோஸ்லி என்ற இளைஞர் தனிமங்கள் விடும் எக்ஸ் கதிர்களை அளந்து, வரிசையைத் தீர்மானிப்பது நிறை இல்லை, உட்கருவின் மின்னூட்டம் என்று காட்டினார். அதாவது புரோட்டான் எண்ணிக்கை. இரண்டே ஆண்டில், முதல் உலகப் போரில், துருக்கியின் கல்லிப்போலிப் போர்முனையில் குண்டடிபட்டு இறந்தார், வயது 27. அவருக்கு அட்டவணையில் ஒரு கட்டம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

கேள்வி: மூன்றாவது கூட்டில் 18 எலக்ட்ரான் கொள்ளும் என்று 'இரண்டு என் ஸ்கொயர்' சூத்திரம் சொல்கிறது. அப்படியானால் 19 எலக்ட்ரான் உள்ள பொட்டாசியம், உள்கூட்டிலிருந்து வெளியே 2, 8, 9 என்றுதானே வர வேண்டும்? 2, 8, 8, 1 என்று போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, சங்கரன்கோவில்

அச்சுப் பிழை இல்லை. நல்ல பிள்ளைகள் எல்லாரும் இடறுகிற இடம் இது, ஏனென்றால் புத்தகம் சூத்திரத்தை முதலில் கொடுத்துவிட்டு அதன் எல்லையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

அந்தச் சூத்திரம் (கூட்டின் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டால் பெருக்குவது) ஒரு கூட்டில் அதிகபட்சம் எத்தனை கொள்ளும் என்று மட்டும்தான் சொல்கிறது. எந்த வரிசையில் நிரம்பும் என்று சொல்லவே இல்லை. எலக்ட்ரானுக்குக் கூட்டின் எண் தெரியாது. எங்கே ஆற்றல் குறைவோ அங்கே போகும். மூன்றாவது கூட்டுக்குள் மூன்று உட்கூடுகள்: எஸ் உட்கூட்டில் 2, பி உட்கூட்டில் 6, டி உட்கூட்டில் 10. மொத்தம் 18, சூத்திரம் சரி. ஆர்கானில் எஸ்ஸும் பியும் நிரம்பி எட்டு ஆகிவிட்டது. அடுத்த எலக்ட்ரானுக்கு முன்னால் இரண்டு இடம் இருக்கிறது: மூன்றாவது கூட்டின் டி, அல்லது நான்காவது கூட்டின் எஸ். எஸ் உட்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான் அவ்வப்போது உட்கருவுக்கு மிக அருகிலும் போய்வரும். டியில் இருப்பது அவ்வளவு உள்ளே போகாது; நடுவில் உள்ள 18 எலக்ட்ரான்களும் அதற்கு உட்கருவின் இழுப்பை மறைத்துவிடும். அதனால் பொட்டாசியத்தில் நான்காவது கூட்டின் எஸ்தான் ஆற்றலில் கீழே. பத்தொன்பதாவது அங்கே போகிறது: 2, 8, 8, 1. கால்சியம் 2, 8, 8, 2.

இதை யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவில்லை. பொட்டாசியமே சொல்லியது. சோடியத்தைப் போலவே மண்ணெண்ணெய்க்குள் வைக்க வேண்டியிருக்கிறது, அதைவிட ஆவேசமாகத் தண்ணீரோடு வினைபுரிந்து ஊதா நிறத் தீயோடு எரிகிறது, ஒரே ஒரு எலக்ட்ரானை மட்டும் சுலபமாக விடுகிறது. வெளியே 9 இருந்தால் இப்படி நடந்துகொள்ளாது. அட்டவணை 1869இல் வந்தது. எலக்ட்ரானையே 1897இல்தான் கண்டுபிடித்தார்கள். கூடுகளின் கணக்கு அதற்கும் பின்னால். பொருள்களின் குணத்தைப் பார்த்துத்தான் கூடுகளை எழுதினார்கள். புத்தகத்தில் வரிசை தலைகீழாக இருப்பதால், கூடு சொல்கிறபடி பொருள் கேட்கிறது என்று தோன்றிவிடுகிறது.

மூன்றாவது கூட்டின் அந்தப் பத்து இடம் என்ன ஆனது என்று கேட்பாய். ஸ்காண்டியத்திலிருந்து நிரம்ப ஆரம்பிக்கிறது: 2, 8, 9, 2. நீ எதிர்பார்த்த ஒன்பது இங்கேதான் வருகிறது! துத்தநாகத்தில் 2, 8, 18, 2 என்று முடிகிறது. ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை எண்ணிப் பார், சரியாகப் பத்துத் தனிமம். நடுவில் குரோமியமும் செம்பும் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதைப் பதினொன்றாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

தேர்வுக்கு: முதல் இருபது தனிமத்துக்கு, வெளிக்கூட்டில் எட்டுக்கு மேல் வைக்காதே. இருபத்தொன்றிலிருந்து இந்த விதியை மட்டும் நம்பி எழுதாதே, உட்கூடு போட்டு எழுது.